அடி மூட்டை பிதுங்கினால் அட்டி சரிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 42. ஊர் மேலூர் பக்கம். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. வெங்காயம்தான் முக்கியச் சரக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எக்ஸெல் வண்டியில் கிளம்பினால் மூன்று மணி வாக்கில் கடை. போன புரட்டாசியில் ஒருநாள் லோடுமேன் வரவில்லை, லாரிக்காரர் அவசரப்படுத்தினார். நானே ஒரு மூட்டையை இழுத்துத் தூக்கினேன். இடுப்பில் 'களுக்' என்றது. ஆள் பிடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் வலி இடது காலில் கெண்டைக்கால் வரை இறங்கியது. இப்போது ஐந்து மாதம். கால்வலி முக்கால்வாசி போய்விட்டது, இடுப்பு மட்டும் விட்டபாடில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 தட்டு பிதுங்கியிருக்கிறதாம். ஒரு டாக்டர் பெல்ட் போடச் சொன்னார். இன்னொருவர் பிற்காலத்தில் ஆபரேஷன் வரலாம் என்றார். ஊரில் சுளுக்கு வழித்தும் பார்த்தாயிற்று. என் மச்சான் செல்போனில் கைரோபிராக்டிக் வீடியோவாகக் காட்டுகிறான். 'படக்' என்று ஒரு சத்தம், தாங்கித் தாங்கி வந்தவர் நிமிர்ந்து நடக்கிறார். விசாரித்தோம். 24 தடவை வரவேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். விலகின தட்டை உட்காரவைத்துவிடுவார்களா? நரம்பு கிரம்பு அறுந்துபோகாதா? இனிமேல் நான் மூட்டையே தொடக்கூடாதா? அப்படியே ஒன்று: அம்மாவுக்கு 66 வயது. தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது முதுகில் பிடித்து ஒரு மாதமாகிறது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் வழக்கமாக வாங்கும் மாத்திரைக்கும் கேட்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதத்தில் 'விலகி', 'விலகின', 'விலகிப்போன' என்று ஒன்பது இடத்தில் வருகிறது. பேனாவால் சுழித்து எண்ணினேன். தட்டு செய்கிற தொந்தரவைவிட அந்தச் சொல் செய்கிற தொந்தரவு பெரிதாக இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். நான் பிசியோதெரபிஸ்ட். முதுகெலும்பைக் கையால் சடக்கென்று அழுத்திப் பார்க்கும் இந்தக் கைரோபிராக்டிக் வைத்தியத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும் எதிர்க்கடைக்காரி பேச்சு மாதிரிதான் கேட்கும். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தட்டு என்பது இரண்டு எலும்புக்கு நடுவே சும்மா செருகி வைத்த சாமான் இல்லை. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் ஒட்டியே வளர்ந்தது. நழுவி வெளியே வருவதற்கு அதற்கு வழியே கிடையாது. அதன் வெளிவட்டம் உங்கள் கடைச் சரக்கு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும்; 15-லிருந்து 25 அடுக்கு வரை. ஓர் அடுக்கின் நார் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் அடுத்த அடுக்கின் நார் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும். கயிற்றுக்கட்டில் பின்னல் மாதிரி. நடுவில் இளநுங்கு போல நீர் கோத்த ஒரு சதை. அவ்வளவுதான் தட்டு.

இப்போது உங்கள் கடையில் போட்டிருக்கும் அட்டியைப் பாருங்கள். மேலே ஏழெட்டு மூட்டை உட்கார்ந்திருக்கும்போது அடி மூட்டை பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அதைப் பார்த்து 'மூட்டை விலகிடுச்சு' என்று எந்த லோடுமேனும் கத்துவதில்லை. இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே இருக்கும் எல்4-எல்5, அதற்குக் கீழே எல்5-எஸ்1, இந்த இரண்டு தட்டும்தான் நம் இடுப்பின் அடி மூட்டைகள். இடுப்புத் தட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டு இடத்தில்தான். 2015-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 30 பேருக்கும், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும், 80 வயதில் 84 பேருக்கும் தட்டு பிதுங்கியிருந்தது. வலி ஒருவருக்கும் இல்லை. நம் வயதில் அது நரை மாதிரி. ரிப்போர்ட்டில் எழுதத்தான் செய்வார்கள், எழுதாமல் விடமுடியாது. ஆனால் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் முழித்துக்கிடக்க அதில் ஒன்றுமில்லை.

'அப்போ என் வலி பொய்யா?' என்று கேட்பீர்கள். இல்லை தம்பி. அன்றைக்கு உங்கள் தட்டின் வெளியடுக்கில் எங்கோ ஒரு கீறல் விழுந்து, உள்ளிருக்கும் நுங்கு கொஞ்சம் கசிந்து பக்கத்தில் இறங்கும் நரம்பு வேரைச் சீண்டியிருக்கும். கால் வரை மின்னல் மாதிரி இறங்கிய வலி அதுதான். கசிந்ததை உடம்பு சும்மா விட்டுவைப்பதில்லை. மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்துவிடுகிறது. உங்கள் கால்வலி முக்கால்வாசி போனதற்குக் காரணம் சுளுக்கு வழித்ததோ பெல்ட்டோ அல்ல, இந்தத் துப்புரவு வேலைதான். கெண்டைக்காலை விட்டுத் தொடை, தொடையை விட்டு இடுப்பு என்று வலி மேலே ஏறி ஒடுங்கினால் அது போகிற வலி. இடுப்பில் இருந்தது காலுக்கு இறங்கினால்தான் எனக்குக் கவலை.

ஆபரேஷன் பேச்சுக்கும் இதுவே பதில். 2007-இல் நெதர்லாந்தில், உங்களைப் போல இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்கியவர்கள் 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்குப் பொறுத்துப் பார்ப்பது, முடியாமல் போனால் மட்டும் ஆபரேஷன். முதல் கூட்டத்துக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருட முடிவில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. ஐந்து மாதத்தில் தானாகவே முக்கால்வாசி தேறிய உங்களுக்கு இன்றைக்கு அந்தப் பேச்சே எழக்கூடாது.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். வீட்டு நடையில் செருப்பில்லாமல், குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்தடி நடங்கள். திரும்பும்போது நுனிக்காலில் பத்தடி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால் கட்டைவிரல்களையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது விரலால் அமுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி எதிர்த்து நின்றால் நல்லது. இடது கட்டைவிரல் மட்டும் சட்டென்று தோற்றுப்போனால், அல்லது இடது குதிகாலில் நிற்க முடியாமல் பாதம் 'தப்'பென்று தரையில் விழுந்தால், நரம்பின் வேலையே குறைந்திருக்கிறது. உங்கள் பிதுங்கலுக்குப் பக்கத்தில் இறங்கும் எல்5 நரம்புக்குக் கட்டைவிரலைத் தூக்குவதுதான் வேலை. அப்படி இருந்தால் யாரிடமும் முதுகைக் கொடுக்காதீர்கள். நேராக எலும்பு டாக்டரிடமோ நரம்பியல் அறுவை டாக்டரிடமோ போங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, வண்டி சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ அந்த ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று படுத்திருக்கக் கூடாது. அது மணிக்கணக்கில் தீர்மானமாகிற விஷயம்.

இனி மச்சான் காட்டிய வீடியோ.

கைரோபிராக்டிக் பிறந்த கதையே விலகலில்தான் ஆரம்பிக்கிறது. 1895-இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்று ஒருவர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. காந்த சிகிச்சை என்று கையால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குக் காது மந்தம். முதுகில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பால்மர் அதை அழுத்தினாராம், காது கேட்டதாம். எலும்பு இடம் மாறி நரம்பை அடைத்துக்கொள்வதால்தான் நோய் வருகிறது என்று அவர் ஒரு கொள்கையையே எழுப்பிவிட்டார். கேட்கும் நரம்பு மண்டைக்குள்ளேயே காதிலிருந்து மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. நம் ஊரில், காலை முதலில் நீட்டிப் பிறந்தவர் மிதித்தால் முதுகுப்பிடிப்பு விடும் என்று சொல்லிக்கொண்டு ஆள் தேடிப் போகவில்லையா? அந்த மாதிரி.

நியாயமாகச் சொல்வதென்றால் இன்றைய கைரோபிராக்டர்கள் எல்லோரும் பால்மரைப் போலப் பேசுவதில்லை. பிரிட்டனில் அவர்களைப் பதிவு செய்கிற கவுன்சிலே 2010-இல், எலும்பு இடம் மாறுவதால் நோய் வருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று எழுதி வைத்தது. நன்றாகப் படித்தவர்கள் முதுகு, இடுப்பு வலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் பக்கம் வீடியோ போடுகிறவர்கள்தான் இன்னும் 'எலும்பை செட் பண்ணிட்டோம்' என்கிறார்கள்.

அந்த 'படக்' என்ன? விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதேதான். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் ஒருவரின் விரலை இழுத்து நெட்டி முறிகிற நொடியைப் படம் பிடித்தார்கள். மூட்டு சடக்கென்று விரியும்போது உள்ளே இருக்கும் வழவழ நீரில் ஒரு காற்றறை உண்டாகிறது. சத்தம் அந்த நேரத்தில் வருவது. எலும்பு போய் எலும்பில் உட்காருகிற சத்தம் அல்ல. முறித்த விரலை உடனே மறுபடி முறித்துப் பாருங்கள், வராது. இருபது நிமிடம் போல ஆகவேண்டும். விரல் விலகியா இருந்தது?

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உட்காரவைக்க மாட்டார்கள். எழுந்து போகாத ஒன்றை எப்படி உட்காரவைப்பது?

ஆனால் வலி குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்கு 'குறையலாம்' என்றுதான் நேர்மையாகச் சொல்லமுடியும். சடக்கென்று கொடுக்கிற அந்த அழுத்தத்தில் இறுகிக் கிடக்கும் தசை தளர்கிறது. வலிச் செய்தி கொஞ்ச நேரம் அடங்குகிறது. குனியப் பயந்துகொண்டிருந்தவர் குனிந்து பார்க்கிறார். 2019-இல் 47 ஆய்வுகளை, 9,211 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நாள்பட்ட இடுப்புவலிக்கு இந்த முறையும் உடற்பயிற்சி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகளும் ஏறத்தாழ ஒரே அளவுதான் பலன் தந்தன. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பரிசீலிக்கலாம் என்ற வரிசையில் உடற்பயிற்சியோடு இந்த முதுகெலும்பு அழுத்தும் முறையும் இருக்கிறது. வேண்டாம் என்ற வரிசையில் என்ன இருக்கிறது தெரியுமா? இடுப்பு பெல்ட், வெயிட் கட்டி இழுக்கும் டிராக்ஷன், வலிக்கென்று வைக்கும் அல்ட்ராசவுண்டு (ஸ்கேன் அல்ல).

அந்தப் பட்டியலைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே எத்தனை பேரை டிராக்ஷனில் கட்டிப் படுக்கவைத்திருக்கிறேன். ஆரப்பாளையத்தில் ஒரு பெரியவர் பத்து நாளும் பஸ் பிடித்து வந்து, இருபது நிமிடம் தொங்கிவிட்டு, 'நல்லாருக்கும்மா' என்று கும்பிட்டுவிட்டுப் போவார். அவருக்கு நல்லா இருந்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து என் இடம் வரை நடந்த நடையாகக்கூட இருக்கும். ஆகவே எதிர்க்கடையைக் குறை சொல்ல எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

'நரம்பு அறுந்துபோகாதா?' இடுப்பில் செய்யும்போது பெரிய ஆபத்து அபூர்வம். ஒன்றிரண்டு நாள் அடித்துப்போட்டது போல வலிப்பது சகஜம், பயப்பட வேண்டாம். என் பயமெல்லாம் கழுத்தைப் பற்றி. இடுப்புக்கென்று போனாலும் 'முழு முதுகையும் பார்த்துடுவோம்' என்று கழுத்தைப் பிடித்து வெட்டித் திருப்புவார்கள். கழுத்தெலும்புக்குள் துளை வழியாக மூளைக்கு ஏறும் இரண்டு ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. எப்போதாவது ஒருவருக்கு அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் இடுப்புவலிக்குப் போனவர் அந்த அபூர்வத்தை எதற்கு வாங்கிக்கொண்டு வரவேண்டும்? 'கழுத்தைத் தொடவேண்டாம்' என்று படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடி வெட்டியதும் சலூனில் தலையைப் பிடித்துச் சடக்கென்று முறிப்பார்களே, அதற்கும் இதே பதில்தான். தலையில் தாளம் போட்டால் மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

யாரிடம் போவது என்பதும் முக்கியம். இந்தத் தொழிலுக்கு நான்கு வருட முழுநேரப் படிப்பு, குறைந்தது 4,200 மணி நேரம் ஆசிரியர் முன்னிலையில் பாடமும் பயிற்சியும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே வரையறுத்திருக்கிறது. டாக்டர்களுக்கு இருப்பது போல இதற்கென்று தனிச் சட்டக் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. அதனால் நான்கு வருடம் படித்தவரும், ஒரு வாரக் கடைசியில் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரி பலகையைத் தொங்கவிடலாம். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் படுக்காதீர்கள். உங்கள் கால் பலத்தை, மரத்துப்போவதைச் சோதிக்காமல் நேராக மேசையில் ஏறிப் படுக்கச் சொல்கிறவரிடமும்தான்.

24 தடவைக்கு முன்பணம். நீங்கள் வியாபாரி, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சரக்கை அவிழ்த்துப் பார்க்காமல் 24 லாரிக்கு அட்வான்ஸ் கொடுப்பீர்களா? ஆசையாக இருந்தால், கால் சோதனையில் தேறினால், தடவைக்குத் தடவை பணம் கொடுத்து நாலு முறை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். நாலாவது முடிந்தும் அந்த எண் ஏறவில்லை என்றால் ஐந்தாவது வேண்டாம். ஏறினால் சந்தோஷம், கிடைத்த நிம்மதியில் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டு இன்னொருவர் கையால் வாங்கும் நிவாரணம் இரண்டு மூன்று நாளைக்குத்தான் வரும்.

இப்போது நீங்கள் கேட்க மறந்த கேள்விக்கு வருகிறேன். வருடக் கணக்காக அதே மூட்டைகளுக்கு நடுவில் இருப்பவருக்கு அன்றைக்கு ஏன் பிடித்தது?

இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று நேரம். படுத்திருக்கும்போது தட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. எழும்போது நாம் எல்லோரும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் கூடித்தான் எழுகிறோம். சாயங்காலத்துக்குள் அது இறங்கிவிடுகிறது. உப்பிய தட்டு விறைப்பாக இருக்கும், அப்போது குனிந்தால் அதன் மேல் விழும் பாரம் அதிகம். எழுந்து நடமாடினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதி வடிந்துவிடும். 1998-இல் ஓர் ஆய்வில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை வெள்ளன எழுந்தவுடன் குனியாமல் இருக்கப் பழக்கினார்கள். அது ஒன்றிலேயே அவர்களுக்கு வலி நாட்கள் குறைந்தன. 'நான் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துத்தானே மூட்டையைத் தொட்டேன்' என்பீர்கள். அந்த ஒரு மணி நேரமும் எக்ஸெல் சீட்டில் கூன் போட்டு, மேலூர் ரோட்டில் குலுங்கிக்கொண்டுதானே வந்தீர்கள்? இனி வண்டியை ஸ்டாண்டு போட்டதும் ஷட்டரைத் தூக்கக் குனியாதீர்கள். மார்க்கெட்டை ஒரு சுற்று நடந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பத்துத் தடவை மெதுவாகப் பின்னால் வளைந்து, ஒரு டீ குடித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். லாரி எங்கேயும் போய்விடாது.

இரண்டாவது காரணம் உங்கள் லோடுமேனிடம் இருக்கிறது. ஒருநாள் மெனக்கெட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். தரையில் கிடக்கும் முழு மூட்டையை அவர் தனியாகத் தூக்குவதே இல்லை. லாரியின் மேல் நிற்பவர் கொக்கி போட்டு விளிம்புக்குத் தள்ளித் தர, இவர் திரும்பி நின்று, தலையில் சும்மாட்டோடு, தோளுக்கும் பிடரிக்கும் நடுவில் மூட்டையை ஏந்திக்கொள்வார். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும். எட்டு சின்னதாக இருக்கும். திரும்பவேண்டிய இடத்தில் இடுப்பை முறுக்கமாட்டார், பாதத்தோடு திரும்புவார். அட்டியில் போடும்போது தூக்கிப் போடுவதில்லை, சரித்துவிடுவார். நீங்கள் அன்றைக்குச் செய்தது என்ன? மாதக் கணக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பில் போட்ட உடம்போடு, தரையில் கிடந்த மூட்டையைக் குனிந்து, இழுத்து, அதே வேகத்தில் திருப்பித் தூக்கினீர்கள். அவர் முதுகு தேக்கு, உங்கள் முதுகு முருங்கை என்று இல்லை. அவருடையது பழகிய முதுகு.

அதனால் 'இனிமேல் மூட்டையே தொடக்கூடாதா?' என்ற கேள்வியை நான் திருப்பிப் போடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட ஆரம்பியுங்கள். தொடாமலே இருந்தால்தான் அடுத்த தடவையும் களுக்கென்று பிடிக்கும்.

எப்படி என்றால், சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, பின்புறத்தால் சுவரைத் தொடுங்கள். கை இரண்டும் தொடை வழியே முழங்கால் வரை வழுக்கி இறங்கட்டும். அந்த மடிப்பு இடுப்பில் விழாமல் தொடை மூட்டில் விழவேண்டும். பத்துத் தடவை. சுவரைத் தொட்டுவிடுகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு விரல் தள்ளி நில்லுங்கள். ஒரு வாரம் இது மட்டும். அடுத்த வாரம் இதே மடிப்பில், முக்காலி உயரத்தில் வைத்த கட்டைப்பையில் ஐந்து கிலோ வெங்காயத்தைத் தூக்குங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூட்டுங்கள். முக்காலியிலிருந்து மனைப்பலகைக்கு, மனைப்பலகையிலிருந்து தரைக்கு இறக்குங்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் நிறுத்தவேண்டாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வலி காலில் இறங்கினால் மட்டும் ஒரு படி பின்வாங்குங்கள். மூன்று நான்கு மாதத்தில் 25 கிலோ உங்களுக்குப் பெரிய விஷயமாக இருக்காது. முழு மூட்டையைத் தனியாளாகத் தூக்குவது யாருக்குமே வேலை இல்லை. அதற்கு இரண்டு பேர்.

கூடவே நடை. 2024-இல் ஆஸ்திரேலியாவில், இடுப்புவலி வந்து தேறிய 701 பேரை எடுத்து ஒரு பாதியைப் படிப்படியாக வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேர நடைக்குக் கொண்டுவந்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுத்தரமாக 208 நாள் ஆனது. மறு பாதிக்கு 112 நாள். மாத்திரை செலவில்லை, முன்பணமில்லை. மதியம் வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்ததும் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். அந்த மதியத் தூக்கத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூக்கம் கெட்டவருக்கு அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். பீடி, சிகரெட் உண்டென்றால் அதுவும் தட்டுக்கு ஆகாது. பெல்ட்டை ஒரே நாளில் கழற்றிப் போடப் பயமாக இருந்தால் வண்டி ஓட்டும்போது மட்டும் போட்டுக்கொண்டு, இரண்டு வாரத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

கடைசியில் 'அப்படியே ஒன்று' என்று அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதுதான். உங்கள் வலியைவிட அது அவசரம்.

மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன பெண்ணுக்கு எலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் தெரியாது. கறையான் அரித்த உத்தரம் மாதிரி. அப்படிப்பட்ட முதுகெலும்பு குடத்தை இறக்கும்போது, சிலருக்கு ஒரு பலத்த தும்மலிலேயே, நொறுங்கி அமுங்கிவிடும். குடம் இறக்கும்போது பிடித்தது, ஒரு மாதமாக விடவில்லை, மாத்திரைக்கும் கேட்கவில்லை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். உயரம் குறைந்த மாதிரி, புதிதாகக் கூன் விழுந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருக்கிறதா என்றும் கேளுங்கள். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்புக்கும் வரும்; சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே குணமாகிவிடும். இரண்டில் எதுவாக இருந்தாலும், அந்த முதுகில் யாராவது 'படக்' வைத்தால் என்ன ஆகும் என்று நான் எழுதவேண்டியதில்லை. கைரோபிராக்டிக், சுளுக்கு வழிப்பது, மிதிப்பது, எண்ணெய் போட்டு நீவுவது எதுவும் வேண்டாம். என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டின் கையும் எக்ஸ்ரேக்குப் பிறகுதான்.

இந்த வாரமே பெரியாஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவுக்கோ உங்களுக்குத் தெரிந்த எலும்பு டாக்டரிடமோ கூட்டிப்போங்கள். வண்டியின் பின்சீட்டில் வேண்டாம், பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும். காரோ ஆட்டோவோ வையுங்கள். எலும்பு அமுங்கியிருப்பதாகத் தெரிந்து, வீட்டோடு இருக்கச் சொன்னால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அதுவரை குடமும் மாவாட்டும் வேலையும் உங்கள் கையில் இருக்கட்டும்.

போகும்போது அந்த மெடிக்கல் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் தருகிற மாத்திரைகளில் சில சமயம் ஸ்டீராய்டு இருக்கும். எலும்பைக் கரைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பயந்துபோய் அதை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பழகிய ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உடம்பு தளர்ந்து மயக்கம் வரை போகும். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.